ஆஸ்போர்ன் 1: சிறுதொழில்காரருக்காகப் பிறந்த கைப்பிடிக் கணினி

ஆஸ்போர்ன் 1 என்ற பழைய கணினியைப் பற்றி இணையத்தில் இரண்டு செய்திகள் ஓயாமல் சுற்றி வருகின்றன. அதுதான் உலகின் முதல் லேப்டாப் என்பது ஒன்று. புதிய மாடல் வரப்போகிறது என்று முதலாளியே முன்கூட்டி அறிவித்ததால் கம்பெனி மூழ்கிவிட்டது என்பது மற்றொன்று. அந்த முதலாளி ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர். அதனால் தமிழில் இந்தச் செய்திகள் கூடுதல் உரிமையோடு பகிரப்படுகின்றன.

முதல் செய்தி தவறு. இரண்டாவது செய்தி பாதிதான் உண்மை. இந்த இரண்டின் இரைச்சலில், அந்தக் கணினி நிஜமாகச் சாதித்த காரியம் யார் கண்ணிலும் படாமல் போகிறது. கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு சிறுதொழில்காரர், ஒரே விலை கொடுத்து ஒரே பெட்டியை வாங்கி வந்து, அன்றைக்கே கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் அது வழிசெய்தது. எப்படி என்பதைக் கணினிப் படிப்பு இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

‘போர்ட்டபிள்’ என்றால் மடியில் வைப்பதா?

கையால் சுற்றும் பழைய தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மூடி, மூடியில் ஒரு கைப்பிடி. தையல்காரர் அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போவார். அங்கே ஒரு மேசை கிடைத்தால் இறக்கிவைத்து, மூடியைக் கழற்றி, வேலையைத் தொடங்குவார். நடந்துகொண்டே யாரும் தைப்பதில்லை, மெஷினை மடியில் வைத்தும் தைப்பதில்லை. ஆனாலும் அது எடுத்துச் செல்லும் மெஷின்தான்.

1981இல் ‘போர்ட்டபிள் கணினி’ என்று சொன்னபோது இதைத்தான் சொன்னார்கள். ஆஸ்போர்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடை. மூடினால் அதுவும் ஒரு தையல் மெஷின் பெட்டி அளவுக்குத்தான் இருக்கும். விமானத்தில் இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்ற கணக்கில் அதன் அளவை அமைத்தார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் மின்சார இணைப்பு வேண்டும். மடிக்கணினிக்கு இருக்க வேண்டிய தட்டையான திரையும் இல்லை, பேட்டரியும் இல்லை. எனவே ‘லேப்டாப்’ என்று அதை அழைப்பது பொருந்தாது.

முதல் போர்ட்டபிள் கணினி என்ற பட்டமும் அதற்குச் சேராது. ஐபிஎம் 1975இலேயே 5100 என்ற கணினியை அப்படித்தான் விற்றது. அதன் எடை ஏறத்தாழ 25 கிலோ, விலை 9,000 டாலரை ஒட்டித் தொடங்கியது. அதை வாங்க ஒரு பெரிய நிறுவனமோ ஆய்வுக்கூடமோதான் வர வேண்டும். பெரும் எண்ணிக்கையில் விற்று வெற்றி பெற்ற முதல் போர்ட்டபிள் கணினி என்றால், அந்தப் பெயர் ஆஸ்போர்ன் 1க்கு உரியது. அதன் விலை 1,795 டாலர்.

ஒரு கடைக்காரரின் தலைவலி

இந்த விலையின் அருமை புரிய வேண்டுமானால், அமெரிக்காவில் 1980 வாக்கில் ஒரு சிறுதொழில்காரர் கணினி வாங்கப் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். கணினிப் பெட்டி ஒரு விலை. திரை தனி. ஃபிளாப்பி டிரைவ், அதாவது தகவலைச் சேமிக்கும் தட்டை இயக்கும் கருவி, தனி; அதைக் கணினியோடு இணைக்கும் அட்டை அதற்கும் தனி. இத்தனையும் வாங்கி முடித்தாலும் அது எந்த வேலையும் செய்யாது. மென்பொருளை, அதாவது கணினிக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுப்பை, மேலும் சில நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டும். ஒரு கம்பெனியின் அட்டை இன்னொரு கம்பெனியின் டிரைவோடு ஒத்துப்போகாவிட்டால் யாரைக் கேட்பது? பொழுதுபோக்காகக் கணினி செய்பவருக்கு இதெல்லாம் விருப்பமான புதிர். இரண்டு ஊழியர்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவருக்கு இது தலைவலி.

இந்தத் தலைவலியை நெருக்கமாக அறிந்தவர் ஆடம் ஆஸ்போர்ன்.

திருவண்ணாமலையிலிருந்து கலிபோர்னியாவுக்கு

ஆடம் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், தாய் போலந்துக்காரர். ஆர்தர் ரமண மகரிஷியின் அன்பர். பிற்காலத்தில் ரமணாசிரமத்தின் ஆங்கில இதழைத் தொடங்கி நடத்தியவர். இரண்டாம் உலகப் போரின்போது அவர் தாய்லாந்தில் ஜப்பானியர் காவலில் இருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் வாழ்ந்தார்கள். ஆடம் கொடைக்கானலில் படித்தார், பதினொரு வயதுவாக்கில் இங்கிலாந்துக்குப் போனார், வேதிப்பொறியியல் பயின்றார், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றார். 2003இல் அவர் காலமானதும் கொடைக்கானலில்தான்.

கணினி உலகில் அவர் முதலில் பெயர் வாங்கியது எழுத்தாளராக. நுண்செயலிகளைப் பற்றி எளிய நடையில் புத்தகம் எழுதி, தானே பதிப்பித்து விற்றார். நுண்செயலி என்பது கணக்கிடும் வேலை முழுவதையும் ஒரே சில்லுக்குள் செய்யும் சாதனம். பத்திரிகைப் பத்திகளிலும் எழுதினார். கணினிக் கம்பெனிகள் வாங்குபவரை எப்படி அலைக்கழிக்கின்றன என்று அவற்றில் காரசாரமாகக் கேட்டார். பதிப்பகத்தை 1979இல் மெக்ரா-ஹில் நிறுவனத்துக்கு விற்ற பிறகு, தான் எழுதியதைத் தானே செய்துகாட்ட இறங்கினார்.

கணினியை வடிவமைத்தவர் அவர் அல்லர் என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அது லீ ஃபெல்சென்ஸ்டைனின் கைவேலை. கலிபோர்னியாவில் கணினி ஆர்வலர்கள் கூடிய ஹோம்புரூ கணினிக் கழகத்தின் கூட்டங்களை நடத்தியவர், சோல்-20 என்ற கணினியை உருவாக்கியவர், கணினியின் எழுத்துகளைத் திரையில் காட்டும் மின்சுற்றுகளில் கைதேர்ந்தவர். அவருடைய பெயர் பல கட்டுரைகளில் விடுபட்டுப்போவது அநியாயம்.

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கணினிக் கண்காட்சியில் ஆஸ்போர்ன் 1 வெளியானது. போதுமான அளவுக்கு வேலை செய்தால் போதும், அதற்கு மேல் எதுவும் வாங்குபவருக்குச் சுமை என்பது ஆடமின் கொள்கை. அந்தக் கொள்கையை அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்திலும் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். ஆஸ்போர்ன் 1 மடிக்கணினி அன்று. தூக்கிச் சென்று மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து இயக்குவது. அதன் நோக்கம், தனித்தனியாக வாங்க வேண்டியவற்றை ஒரே பெட்டியில், சிறுதொழிலுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தருவது.

பெட்டியைத் திறந்தால்

ஒரு கணக்காளர் வாடிக்கையாளரின் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை மேசைமேல் படுக்கவைத்து, இருபுறத்துக் கொக்கிகளையும் விடுவிக்கிறார். மூடி கழன்று வருகிறது. அந்த மூடிதான் விசைப்பலகை. ஒரு கேபிள் அதைப் பெட்டியோடு இணைத்திருக்கிறது. பெட்டியின் முகப்பில் நடுவே சின்னத் திரை. அதன் இடப்பக்கம் ஒரு ஃபிளாப்பி டிரைவ், வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொரு டிரைவுக்கும் கீழே தட்டுகளைச் செருகிவைக்க ஒரு பை.

மின்சாரம் கொடுத்ததும், ஏ டிரைவில் தட்டைப் போட்டு ரிட்டர்ன் விசையை அழுத்துமாறு திரை சொல்கிறது. தட்டைச் செருகி, டிரைவின் சிறு கதவை மூடி, விசையை அழுத்துகிறார். டிரைவில் சிவப்பு விளக்கு எரிகிறது, தட்டு சுழலும் ஓசை கேட்கிறது, சற்று நேரத்தில் கட்டளைக்காகக் காத்திருக்கும் குறி திரையில் வந்து நிற்கிறது. கடைக்காரரின் மேசையில் இதற்கு முன் கணினி இருந்ததே இல்லை. இப்போது அங்கேயே வரவுசெலவு போடலாம்.

ஐந்து அங்குலத் திரையின் ரகசியம்

இந்தக் கணினியில் மிகுதியாகக் கேலிக்கு ஆளானது அதன் திரை. மூலைக்கு மூலை 5 அங்குலம். இன்றைய கைபேசித் திரையைவிடச் சின்னது. ‘ஒரு வரியில் 52 எழுத்துதான் அடிக்க முடியும், அதில் என்ன வியாபாரம் நடக்கும்?’ என்று இப்போதும் எழுதுகிறார்கள். அது சரியன்று. ஃபெல்சென்ஸ்டைனின் திறமை முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அக்காலத் திரை என்பது படக்குழல். உள்ளே காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழல் அது. பின்முனையிலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை முன்பக்கப் பூச்சில் மோதும் இடம் ஒளிரும். திரையைப் பெரிதாக்கினால் கண்ணாடி கனக்கும், குழல் பின்னோக்கி நீளும், தூக்கிப் போகும்போது உடையும் அபாயமும் கூடும். எனவே சின்னக் குழல். ஆனால் 5 அங்குலத்தில் வழக்கமான 80 எழுத்துகளை ஒரே வரியில் நெருக்கினால் கண்ணுக்குத் தெரியாது. 52 எழுத்துகள் என்றால் படிக்கலாம். அலுவலகக் கடிதத்தின் வரியோ அதைவிட நீளம், கணக்கேட்டின் வரி அதையும்விட நீளம்.

தீர்வைப் புரிந்துகொள்ள, கணினி எழுத்துகளை எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்தைக் குறித்துவைக்கப் பிடிக்கும் இடத்தை பைட் என்பார்கள். 1,024 பைட் சேர்ந்தது ஒரு கிலோபைட். ஆஸ்போர்ன் 1இன் நினைவகம் மொத்தம் 64 கிலோபைட். அதில் 4 கிலோபைட்டைத் திரைக்கென்று ஒதுக்கினார்கள். அதற்கு வீடியோ நினைவகம் என்று பெயர். செயலி அதில் எழுத்துகளை எழுதிவைக்கும். ஒரு தனி மின்சுற்று அவற்றை நொடிக்குப் பல தடவை வாசித்துத் திரையில் வரைந்துகொண்டே இருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வீடியோ நினைவகத்தில் 32 வரிகள், வரிக்கு 128 எழுத்துகள். 32ஐ 128ஆல் பெருக்கினால் 4,096. சரியாக 4 கிலோபைட். திரையில் தெரிவதோ 24 வரிகள், வரிக்கு 52 எழுத்துகள்; ஆக 1,248. நினைவகத்தில் இருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் திரையில் இல்லை. மீதி அழிந்துவிடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது, நம் பார்வைக்கு வெளியே.

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு அம்பு விசையைத் தட்டினால் பார்வை நகரும். இதற்காக எழுத்துகளை இடம்விட்டு இடம் மாற்றுவதில்லை. எந்த வரியில், எத்தனையாவது எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவது என்ற எண்கள் மட்டும் மின்சுற்றில் மாறும். தொடங்கும் இடம் நான்கு எழுத்து வலப்பக்கம் தள்ளினால், திரை முழுவதும் நான்கு எழுத்து நகர்ந்துவிடும். நான்காயிரம் எழுத்துகளை நகர்த்தும் வேலை செயலிக்கு மிச்சம். தட்டச்சு செய்பவர் ஓரத்தைத் தாண்டும்போது பார்வை தானாகவே பின்தொடரும்படியும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆக, 52 என்பது கணினி வைத்துக்கொள்ளும் வரியின் நீளம் அன்று. ஒரே சமயத்தில் தெரியும் பகுதியின் அகலம். தினமும் இதில் வேலை செய்தவருக்கு, இடமும் வலமும் போய்வருவது சலிப்பாக இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது. வெளியே பெரிய திரை ஒன்றை இணைத்துக்கொள்ளவும் வழி இருந்தது. பிற்பாடு 80 எழுத்து காட்டும் மேம்பாட்டையும் கம்பெனி விற்றது.

தட்டும் இயங்குதளமும்

செயலி ஸிலாக் நிறுவனத்தின் இசட்80, வேகம் 4 மெகாஹெர்ட்ஸ். அன்று பரவலாகப் புழங்கிய சில்லு. அதைப் பற்றி இதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

ஹார்ட் டிஸ்க் கிடையாது. மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்ததும் போய்விடும்; காப்பாற்ற வேண்டியதை ஃபிளாப்பி தட்டில் எழுதியாக வேண்டும். ஐந்தேகால் அங்குலத் தட்டு ஒன்றில் ஏறத்தாழ 90 கிலோபைட் பிடித்தது. தட்டச்சுப் பக்கம் ஒன்றுக்கு 2,000 எழுத்து என்று வைத்தால் 45 பக்கம். இரண்டு டிரைவ் வைத்ததன் காரணமும் இதுதான்: இடப்பக்கம் மென்பொருள் இருக்கும் தட்டு, வலப்பக்கம் நம் கடிதங்களும் கணக்குகளும் இருக்கும் தட்டு. ஒரே டிரைவ் என்றால் தட்டை மாற்றி மாற்றிப் போட்டே பொழுது போயிருக்கும்.

தட்டில் எங்கே எழுதுவது, விசை அழுத்தினால் யாருக்குச் சொல்வது என்று இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். ஆஸ்போர்ன் 1 பயன்படுத்தியது கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம். பல கம்பெனிகளின் கணினிகளில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வியாபாரத்துக்கான மென்பொருள்கள் தயாராகக் கிடைத்தன. ஆஸ்போர்ன் கம்பெனி அவற்றைப் புதிதாக எழுத வேண்டியிருக்கவில்லை.

பெட்டியோடு வந்த மென்பொருள்

1,795 டாலர் விலைக்குள் வேர்ட்ஸ்டாரும் சூப்பர்கால்க்கும் அடங்கும். வேர்ட்ஸ்டார் கடிதமும் அறிக்கையும் தயாரிக்க. சூப்பர்கால்க் கட்டம் போட்ட கணக்குத்தாள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கூட்டுத்தொகைகள் எல்லாம் தாமே மாறும். இவற்றோடு, சொந்தமாக நிரல் எழுத விரும்புபவருக்கு இரண்டு பேசிக் மொழிகள். இவற்றைத் தனித்தனியே கடையில் வாங்கினால், கிட்டத்தட்ட அந்தக் கணினியின் விலையே ஆகும்.

அப்படியானால் இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தார்கள்? மென்பொருளின் செலவு முழுவதும் முதல் பிரதியை எழுதுவதில்தான் இருக்கிறது. அடுத்த பிரதிக்கு ஒரு தட்டும் கையேடும்தான் செலவு. ஆயிரக்கணக்கான பிரதிகள் ஒரே கையில் போகும் என்றால், பிரதிக்குச் சில டாலர் கிடைத்தாலே எழுதியவருக்கு லாபம். ஆடம் இதைச் சொல்லி மென்பொருள் கம்பெனிகளைச் சம்மதிக்க வைத்தார். வேர்ட்ஸ்டாரின் உரிமையாளரான சீமோர் ரூபின்ஸ்டைனுக்குத் தன் கம்பெனியின் பங்குகளையும் கொடுத்தார். பதிப்பகம் நடத்தி, அச்சுப் பிரதியின் கணக்கு தெரிந்தவருக்கே இந்த யோசனை வரும் என்று தோன்றுகிறது.

கணினியோடு மென்பொருளையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் இந்த முறையை மற்றவர்களும் உடனே பின்பற்றினார்கள். கைப்பிடியைவிட, சின்னத் திரையைவிட, சிறுதொழில்காரரைக் கவர்ந்தது இதுதான். முதல் எட்டு மாதத்தில் 11,000 கணினிகள் விற்றன. பிறகு ஒரே மாதத்தில் 10,000 விற்கும் நிலையும் வந்தது.

இதுவரை பார்த்த இயந்திரத்தை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்ளலாம். 128 எழுத்து அகலப் பக்கத்தை 52 எழுத்து அகலத்தில் நகர்த்திக் காட்டும் திரை. மென்பொருளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என இரண்டு தட்டுகள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த இயங்குதளம். விலையிலேயே அடங்கிய மென்பொருள்.

கம்பெனி ஏன் மூழ்கியது?

புதிய பொருள் வரப்போகிறது என்று முன்னதாகவே அறிவித்தால், மக்கள் பழையதை வாங்காமல் காத்திருப்பார்கள், விற்பனை படுத்துவிடும். வணிகப் பாடங்களில் இதற்கு ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1983இன் தொடக்கத்தில் ஆடம், எக்ஸிக்யூட்டிவ் என்ற அடுத்த மாடலைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். பழைய மாடலின் விற்பனை சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. இவை நடந்தவை. ஆனால் அடுத்தடுத்து நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

அந்த ஆண்டுகளில் சந்தையில் வேறென்ன இருந்தது என்று பாருங்கள். 1982இல் ஆண்ட்ரூ கேயின் கம்பெனி கேப்ரோ II என்ற போர்ட்டபிள் கணினியைக் கொண்டுவந்தது. அதுவும் சிபி/எம், அதுவும் மென்பொருளோடு, அதுவும் 1,795 டாலர். திரை மட்டும் 9 அங்குலம், வரிக்கு 80 எழுத்து. அதே விலைக்குப் பெரிய திரை கிடைக்கும்போது சின்னத் திரையை யார் வாங்குவார்கள்? எந்த அறிவிப்பும் இல்லாமலே ஆஸ்போர்ன் 1க்கு இது பெரிய அடி. பதிலாக வந்த எக்ஸிக்யூட்டிவ் 7 அங்குலத் திரையோடு 2,495 டாலருக்கு விற்றது. கேப்ரோவைவிடத் திரை சிறிது, விலை அதிகம்.

இன்னொரு பக்கம், ஐபிஎம் 1981 ஆகஸ்டில் தன் பிசியை வெளியிட்டிருந்தது. சிபி/எம் கணினிக்கு எழுதிய மென்பொருள் அதில் ஓடாது, அதற்கு எழுதியது இதில் ஓடாது. வியாபார மென்பொருள் எழுதுபவர்கள் மெல்ல மெல்ல ஐபிஎம் பக்கம் திரும்பினார்கள். 1982 நவம்பரில் காம்பேக் என்ற புதிய கம்பெனி, ஐபிஎம் பிசியின் மென்பொருளை அப்படியே ஓட்டக்கூடிய போர்ட்டபிள் கணினியை அறிவித்தது. விலை 3,590 டாலர். ஆஸ்போர்ன் போல இரண்டு பங்கு. ஆனாலும் அது விற்றது. மென்பொருள் கிடைக்கும் கணினிக்குச் சிறுதொழில்காரர் கூடுதல் பணம் தரத் தயாராக இருந்தார்.

உள்ளே நடந்த நிர்வாகப் பிழைகளும் பின்னாளில் வெளிவந்தன. அவற்றில் ஒரு கதை இப்படிப் போகிறது: பழைய மாடலுக்கான தாய்ப்பலகைகள், அதாவது சில்லுகள் பொருத்தப்பட்ட முதன்மை மின்சுற்று அட்டைகள், 1,50,000 டாலர் பெறுமானத்துக்குக் கிடங்கில் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல் கணினிகளாக முடித்து விற்கலாம் என்றார் ஓர் அதிகாரி. பெட்டி, திரை, டிரைவ் என்று மறுபடி வாங்கத் தொடங்கி, 20 லட்சம் டாலர் செலவானது. மிச்சம் பிடிக்கப் போய் முதலே கரைந்தது. திடீரென வளர்ந்த கம்பெனியில் கையிருப்பைச் சரியாகக் கண்காணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, முன்கூட்டிய அறிவிப்பைவிட இது பொருத்தமான பாடம். ஆடமின் ஓர் அறிவிப்பை மட்டும் குற்றவாளியாக்கி அவர் பெயரையே அந்தப் பிழைக்குச் சூட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு.

அப்படியானால் லேப்டாப் எது?

பேட்டரியில் ஓட வேண்டும், திரை தட்டையாக இருக்க வேண்டும் என்பவை அளவுகோல் என்றால், எப்சன் நிறுவனத்தின் எச்எக்ஸ்-20 அந்த வழியில் முன்னால் வருகிறது. எடை ஏறத்தாழ 1.6 கிலோ, திரையில் நான்கு வரி, வரிக்கு 20 எழுத்து. மேல்பாதியில் திரை, கீழ்ப்பாதியில் விசைப்பலகை என்று புத்தகம்போல மடியும் உருவத்தைப் பிரபலமாக்கியது 1982இல் வந்த கிரிட் காம்பஸ். அதன் விலை 8,000 டாலருக்கு மேல். இரண்டுமே ஆஸ்போர்ன் 1க்குச் சமகாலத்தவை, ஆனால் வேறு குடும்பம். ஆஸ்போர்னின் நேர் வாரிசுகள் கேப்ரோவும் காம்பேக்கும்தான்.

ஆர்வம் உள்ளவர்கள் இன்றும் ஆஸ்போர்ன் 1ஐ இயக்கிப் பார்க்கலாம். பழைய கணினிகளைப் போல நடந்துகொள்ளும் மேம் என்ற இலவச மென்பொருளில் இதுவும் இருக்கிறது. அதில் வேர்ட்ஸ்டாரைத் திறந்து நீளமான ஒரு வரியை அடித்துவிட்டு, கன்ட்ரோல் விசையோடு அம்பு விசையை அழுத்துங்கள். 52 எழுத்துக்கு வெளியே இருப்பது திரைக்குள் நகர்ந்து வரும்.